மானியப் பட்டியலில் பிறந்த வரைபடம்: மின்னணு வழிகாட்டிகளில் சாலைகளின் வகையும் பெயரும்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் சாலை நெடுங்காலம் தேசிய நெடுஞ்சாலை 45 என்ற ஒரே எண்ணில் இருந்தது. 2010-இல் மத்திய அரசு நெடுஞ்சாலை எண்களை மாற்றியமைத்த பின், அதே சாலை திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, விழுப்புரத்திலிருந்து திருச்சி வரை 38 என்று மூன்றாகப் பிரிந்தது. தாம்பரத்துக்காரருக்கோ அது அன்றும் இன்றும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் ட்ரங்க்) ரோடுதான். கைப்பேசியில் வழிகாட்டும் வரைபடம் இவற்றில் எதைத் திரையில் எழுத வேண்டும்? எதைக் குரலில் சொல்ல வேண்டும்? அந்தச் சாலையை எவ்வளவு தடிமனாக வரைய வேண்டும்? இவற்றை முடிவு செய்யும் விதிகளுக்கு நூறாண்டு வரலாறு உண்டு. இன்று திரையில் நாம் பார்க்கும் சாலை வகைகளில் பல, பயணியை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை அல்ல. சாலையைப் பராமரிக்கும் செலவை யார் ஏற்பது என்ற நிர்வாகக் கேள்விக்கு விடையாகப் பிறந்தவை. அந்த விடை எப்படி வழிகாட்டிக்குள் வந்து சேர்ந்தது, வந்தபின் என்ன சிக்கலை உண்டாக்கியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிரிட்டனின் மானியப் பட்டியல்

பிரிட்டனில் 1919-இல் போக்குவரத்து அமைச்சகம் அமைந்தது. உள்ளாட்சிகள் சாலைகளைப் பராமரிக்க அரசு நிதி தர வேண்டியிருந்ததால், எந்தச் சாலைக்கு எவ்வளவு என்று வகுத்தாக வேண்டிய தேவை எழுந்தது. முதல் வகுப்புச் சாலைக்குச் செலவில் பாதி, இரண்டாம் வகுப்புக்குக் கால் பங்கு என்பது ஏற்பாடு. முதல் வகுப்பு ‘ஏ’ என்றும் இரண்டாம் வகுப்பு ‘பி’ என்றும் எண்ணிடப்பட்டு 1923-இல் பட்டியல் வெளியானது. லண்டனிலிருந்து கிளைத்துச் செல்லும் சாலைகள் ஏ1 முதல் ஏ6 வரை, ஸ்காட்லாந்தில் ஏ7 முதல் ஏ9 வரை. பட்டியலில் இடம்பெறாத எஞ்சிய ஊர்ச்சாலைகள் ‘வகைப்படுத்தப்படாதவை’ ஆயின. 1936-ஆம் ஆண்டின் ட்ரங்க் சாலைகள் சட்டம் ஏறத்தாழ 4,500 மைல் நீளச் சாலைகளை நேரடியாக அமைச்சகத்தின் பொறுப்பில் கொண்டுவந்தது. 1958-இல் பிரஸ்டன் புறவழிச்சாலை திறக்கப்பட்டபோது மோட்டார்வே என்ற வகையும் சேர்ந்தது.

இந்த அடுக்கில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு உலகம் முழுவதற்குமான ஒரு வரைபடத்தில் அவை மீண்டும் வருகின்றன.

கணினிக்கு வேண்டியிருந்த படிநிலை

கலிபோர்னியாவின் ஈடாக் நிறுவனம் 1985-இல் காருக்கான வழிகாட்டிக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வரைபடம் ஒலிநாடா போன்ற கேசட்டில் இருந்தது. அந்தக் கருவி வண்டி நிற்கும் இடத்தையும் சேருமிடத்தையும் காட்டியது. எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் கருவிகள் பின்னர் வந்தபோதுதான் சாலை வகை என்பது கணக்கீட்டுத் தேவையாக மாறியது. இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய பாதையைக் காணும் டைக்ஸ்ட்ராவின் முறை 1959-இலேயே அச்சில் வந்துவிட்டது. ஆனால் ஒரு நாட்டின் சாலைகள் அனைத்தையும் அம்முறையில் அலசும் வலிமை அக்காலக் காரின் சிறு கணினிக்கு இல்லை. எனவே கிளம்பும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் அருகில் மட்டும் சிறு தெருக்களைத் தேடுவது, இடையில் பெருஞ்சாலைகளை மட்டும் பார்ப்பது என்ற உத்தி கையாளப்பட்டது. அதற்கு எது பெருஞ்சாலை என்று யாராவது முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும்.

இப்படித்தான் ‘செயல்பாட்டு வகை’ வரைபடத் தொழிலின் மையத்துக்கு வந்தது. நாவ்டெக் என்ற வரைபடத் தரவு நிறுவனம் சாலைகளை ஐந்து நிலைகளாகப் பிரித்தது. ஐரோப்பாவில் 1980-களின் இறுதியில் உருப்பெற்று, 2004-இல் ஐ.எஸ்.ஓ. 14825 என்ற பன்னாட்டுத் தரமாக வெளிவந்த ஜி.டி.எஃப். என்ற வரைபடத் தரவு வடிவமும் செயல்பாட்டு வகைக்குத் தனி இடம் தந்தது. சாலை யாருடையது என்பதை இந்த வகை கேட்பதில்லை. தொலைதூரப் போக்குவரத்தை எது சுமக்கிறது, எது வீட்டு வாசலுக்குக் கொண்டுவிடுகிறது என்றே கேட்கிறது. அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் நெடுஞ்சாலைத் திட்டமிடலில் இதே நோக்கை ஏற்கெனவே கட்டாயமாக்கியிருந்தது.

2008-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘சுருக்கப் படிநிலை’ முறை இந்தத் தேவையைப் பெருமளவு குறைத்தது. எந்தச் சந்திப்பு முக்கியமானது என்பதைக் கணினி தானே கணக்கிட்டு, கண்டம் அளவிலான பாதையையும் நொடியின் சிறு பகுதிக்குள் கண்டுவிடும். தேடலுக்கு இனி மனிதர் இட்ட வகை தேவையில்லை. ஆயினும் வகை மறையவில்லை. வேகத்தை ஊகிக்கவும் வரைபடத்தை வரையவும் அதுவே இன்றும் பயன்படுகிறது. வேக ஊகம்தான் சிக்கலின் வேர்.

லண்டன் சொற்கள் உலகச் சொற்களான விதம்

2000-ஆம் ஆண்டு மே மாதம், பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். குறிகையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்கா நீக்கியது. கையடக்கக் கருவியைக் கொண்டே ஒரு தெருவை வரைய முடியும் என்ற நிலை வந்தது. பிரிட்டனின் அரசு வரைபடத் தரவு விலையும் உரிமக் கட்டுப்பாடும் கொண்டதாக இருந்த சூழலில், யாரும் பங்களிக்கக்கூடிய திறந்த உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை 2004-இல் லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கினார். தொடக்கப் பங்களிப்பாளர்கள் பெரும்பாலும் பிரிட்டனைச் சேர்ந்தவர்கள். அவர்கள் தங்களுக்குப் பழகிய அடுக்கையே எடுத்துக்கொண்டனர்: மோட்டார்வே, ட்ரங்க், பிரைமரி, செகண்டரி, டெர்ஷியரி, அதன் கீழ் ‘வகைப்படுத்தப்படாதது’, பிறகு குடியிருப்புத் தெரு. மோட்டார்வேக்கு நீலம், ட்ரங்குக்குப் பச்சை என்ற நிறங்களும் பிரிட்டனின் வழிகாட்டிப் பலகைகளிலிருந்து வந்தவை. முதன்மை வரைபடத்தில் அவை 2015 வரை நீடித்தன.

பிரிட்டனுக்கு வெளியே இந்த அடுக்கு தடுமாறியது. ‘வகைப்படுத்தப்படாதது’ என்பதற்குப் பல நாட்டுப் பங்களிப்பாளர்கள் ‘இன்னும் வகை தெரியாதது’ என்று பொருள் கொண்டனர். உண்மையிலேயே வகை தெரியாத சாலைக்கென வேறொரு குறிச்சொல் வைக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் நடந்தது இன்னும் பெரிது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் டைகர் தரவு 2007–08-இல் மொத்தமாக உள்ளிடப்பட்டபோது, அதிலிருந்த ‘உள்ளூர்ச் சாலை’ என்ற வகை முழுவதும் குடியிருப்புத் தெருவாக மாற்றப்பட்டது. பாலைவனத்து மண்பாதையும் பண்ணைத் தடமும் வரைபடத்தில் வீடுகள் வரிசையாக நிற்கும் தெருக்களாயின. அவற்றைத் திருத்தும் வேலை பத்தாண்டு கடந்தும் நீண்டது.

இந்தியா: நாக்பூரிலிருந்து திரைக்கு

இந்தியாவின் வகைப்பாடும் பிரிட்டிஷ் ஆட்சியில் வேரூன்றியதுதான். 1934-இல் இந்தியச் சாலைப் பேரவை உருவானது. 1943 டிசம்பரில் நாக்பூரில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டச் சாலைகள், கிராமச் சாலை என்று பிரித்தனர். மாகாணம் மாநிலமானது, மாவட்டச் சாலை முக்கியம், இதரம் என இரண்டாக நின்றது. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய நெடுஞ்சாலைகளை மத்திய அரசிடம் ஒப்படைத்தது. இங்கும் வகை என்பது பொறுப்பின் பெயரே.

2007-இல் ஏ.என்.டி. என்ற டச்சு நிறுவனம் இந்தியாவின் முக்கியச் சாலைத் தரவை ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கு நன்கொடையாக வழங்கியது. அதன்மேல் வளர்ந்த வரைபடத்தில் இந்தியப் பங்களிப்பாளர்கள் வகுத்துக்கொண்ட வழக்கம் எளிமையானது: தேசிய நெடுஞ்சாலை ட்ரங்க், மாநில நெடுஞ்சாலை பிரைமரி, முக்கிய மாவட்டச் சாலை செகண்டரி. சர்ச்சைக்கு இடமில்லாத விதி. பலகையைப் பார்த்தே எழுதிவிடலாம். நாடு முழுவதும் ஒரே சீராக வரைபடம் வளர்ந்ததற்கு அந்த எளிமையே காரணம் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் பலகை மாறும் வேகத்தில் சாலை மாறுவதில்லை. 2014-இல் சுமார் 91,000 கிலோமீட்டராக இருந்த தேசிய நெடுஞ்சாலைகளின் நீளம் பத்தாண்டுக்குள் 1,46,000 கிலோமீட்டரைத் தாண்டியது. இதில் கணிசமான பகுதி மாநிலச் சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலையாக அறிவித்ததால் வந்தது. அறிவிப்பு வந்த அன்று சாலையின் அகலம் ஓர் அடிகூடக் கூடுவதில்லை. வரைபடத்தில் மட்டும் அது பிரைமரியிலிருந்து ட்ரங்க் ஆகிறது. ஓ.எஸ்.ஆர்.எம். என்ற திறந்தமூல வழிதேடு மென்பொருளின் கார் அமைப்பு, வேக வரம்பு குறிக்கப்படாத இடத்தில் பிரைமரிக்கு மணிக்கு 65 கிலோமீட்டர், ட்ரங்குக்கு 85 என்று வைத்துக்கொள்கிறது. 65 கிலோமீட்டர் பயணம் கணக்கில் ஒரு மணி நேரத்திலிருந்து 46 நிமிடமாகச் சுருங்குகிறது. ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் சரக்கு லாரிக்காரரும் அந்த 14 நிமிடத்தை நம்பிப் புறப்படக்கூடும் என்பதை விதி எழுதுவோர் மறக்கலாகாது.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. உடனே சில மாநிலங்கள் நகரங்களுக்குள் ஓடும் நெடுஞ்சாலைகளின் தகுதியை நீக்கின. சண்டிகர் யூனியன் பிரதேசமும் தன் மாநில நெடுஞ்சாலைகளை முக்கிய மாவட்டச் சாலைகளாக அறிவித்தது. அச்சாலைகளில் ஓடிய வண்டிகளின் எண்ணிக்கைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நிர்வாக வகையை அப்படியே போக்குவரத்து வகையாகக் கொள்வது எவ்வளவு பலவீனமான ஏற்பாடு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் காணவில்லை.

பெயருக்குக் கிடைத்த இடம்

பெயர் விஷயத்தில் வரைபடத்தார் இந்தச் சிக்கலை முன்பே உணர்ந்து தீர்த்திருக்கிறார்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எண்ணுக்கு ஒரு புலம், பெயருக்கு வேறொரு புலம். பழைய பெயர், மாற்றுப் பெயர், அலுவல் பெயர், மொழிவாரிப் பெயர் என ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. 32 என்ற எண்ணும் ஜி.எஸ்.டி. ரோடு என்ற பெயரும் ஒரே சாலையில் மோதாமல் இருக்க முடியும். பழைய 45-க்கும் இடம் உண்டு. அண்ணா சாலையைத் தேடுபவரும் மவுண்ட் ரோட்டைத் தேடுபவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள். பெயரைச் சுருக்காமல் முழுமையாக எழுத வேண்டும் என்ற விதியும் காரணமுள்ளது: முழுப் பெயரைக் கணினி சுருக்கிக்கொள்ளும்; சுருக்கத்தை நம்பகமாக விரிக்க அதற்குத் தெரியாது.

தமிழ்நாட்டில் சாலைப் பெயர் அரசியல் வரலாற்றின் ஆவணம். 1970-களின் இறுதியில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டுகளை நீக்க மாநில அரசு முடிவெடுத்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலை பெரியார் ஈ.வெ.ரா. சாலையானது. 2021 ஏப்ரலில் அச்சாலையின் பலகையில் கிராண்ட் வெஸ்டர்ன் ட்ரங்க் ரோடு என்ற பழைய பெயர் தோன்றியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. இலங்கையிலோ எண்ணே பெயராகிவிட்டது. சாலைக்கு எழுத்தும் எண்ணும் இடும் பிரிட்டிஷ் முறை அங்கே நிலைத்து, கண்டி–யாழ்ப்பாணம் சாலை போர்க்காலச் செய்திகளின் வழியே எல்லோர் வாயிலும் ‘ஏ9’ ஆனது. எண் வேறு, பெயர் வேறு என்ற விதியை இத்தகைய இடத்தில் இயந்திரத்தனமாகப் பின்பற்றினால், மக்கள் சொல்லும் பெயரைக் குரல்வழிகாட்டி சொல்லாமலே போகலாம்.

பலகையே இல்லாத தெருக்கள் வேறு கேள்வி. 2009 இறுதியில் கூகுள் மேப்ஸ் இந்தியாவுக்கென, பெட்ரோல் பங்க், கோயில் போன்ற அடையாளங்களை வைத்து வழி சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. தெருப்பெயரை மையமாகக் கொண்ட வழிகாட்டல் இங்கே எடுபடாது என்பதை ஏற்றுக்கொண்ட முடிவு அது.

பெயருக்குப் பல புலங்கள் கிடைத்தன. வகைக்கு இன்னும் ஒன்றே. அந்த ஒரே புலம் உரிமை, முக்கியத்துவம், ஊகவேகம் மூன்றையும் சுமக்கிறது. பெயருக்குச் செய்ததை வகைக்கும் செய்ய வேண்டும் என்பதே என் முடிபு. அதற்கான கருவி ஏற்கெனவே உள்ளது. தேசிய நெடுஞ்சாலை என்ற தகுதியை அந்த எண்ணுள்ள சாலைத் துண்டுகளை ஒன்றாகக் கட்டும் வழித்தடத் தொகுப்பில் பதியலாம். பிரைமரியா ட்ரங்கா என்பதை அச்சாலை எந்த ஊர்களை இணைக்கிறது என்பதை வைத்துத் தீர்மானிக்கலாம். அமெரிக்கப் பங்களிப்பாளர்கள் 2021 முதல் மாநிலம் மாநிலமாக இப்படித்தான் மறுவகைப்பாடு செய்துவருகிறார்கள். இந்தியாவில் இதைத் தொடங்க ஏற்ற இடம் அண்மையில் தகுதி உயர்த்தப்பட்ட இருவழிச் சாலைகள். அவற்றில் சாலையிலுள்ள தடங்களின் எண்ணிக்கை, மேற்பரப்பு, வேக வரம்பு ஆகிய மூன்று புலங்களையும் முதலில் நிரப்பினால், வகையை மாற்றுவதற்கு முன்பே பயண நேரக் கணக்கு திருந்தத் தொடங்கும்.