இருவுலோகக் காய்ச்சியடிப்பு

இரு வேறு உலோகங்களை முதலில் இணைத்து, அந்த ஒட்டுத்துண்டையே பிறகு காய்ச்சி அடித்து இயந்திர உறுப்பாக்கும் முறை. பெரிதும் எஃகு–அலுமினிய இணைக்கே இது பேசப்படுகிறது. ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை 7.85 கிராம், அலுமினியம் 2.7 கிராம்தான். தேய்மானமும் சுமையும் விழும் இடத்தில் எஃகும் மற்ற இடத்தில் அலுமினியமும் இருந்தால் உறுப்பின் எடை குறையும்.

கோடரியின் வாயில் எஃகுத் துண்டை வைத்துக் காய்ச்சி அடிப்பது கொல்லர்களின் பழைய வழக்கம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தாமஸ் போல்சோவர் 1743 வாக்கில் செம்பின்மேல் வெள்ளித் தகட்டைச் சூட்டால் ஒட்டி, இரண்டையும் சேர்த்தே தகடாக்கினார். இணைத்துவிட்டு உருக்கொடுப்பது என்ற வரிசை அப்போதே வந்துவிட்டது.

அலுமினியம் அவ்வளவு எளிதில் பணியவில்லை. அது 660 டிகிரி செல்சியஸில் உருகும். இரும்புக்கு 1,538 டிகிரி வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, சூட்டில் இரண்டும் கலந்து எல்லையில் உண்டாகும் இரும்பு–அலுமினியச் சேர்மப் படலம். அது சில மைக்ரான் தடிமனைத் தாண்டினால் இணைப்பு கண்ணாடியாக நொறுங்கும். எனவே இத்துறையின் வரலாற்றை, உருக்காமல் ஒட்டக் கற்றுக்கொண்ட வரலாறு என்றே சொல்லலாம்.

முதல் உலகப் போரில் குண்டுச் சிதறல்கள் இரும்புப் பரப்பில் ஒட்டிக்கொண்டதைக் கண்டவர்கள் உண்டு. அதையே தொழில்முறையாக்கி, 1960களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் வெடிப்புப் பற்றவைப்பைக் கொண்டுவந்தது. எஃகுக் கப்பலின்மேல் அலுமினிய மேற்கட்டுமானத்தைப் பொருத்த இன்றும் அத்தகைய இணைப்புப் பட்டைகள் பயன்படுகின்றன. சோவியத் ஒன்றியத்தில் 1956-இல் காப்புரிமை பெற்ற உராய்வுப் பற்றவைப்பு, சுழலும் தண்டு ஒன்றை மற்றொன்றில் அழுத்தி, உராய்வுச் சூட்டிலேயே ஒட்டியது. 1991-இல் கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள பற்றவைப்பு ஆய்வு நிறுவனத்தில் வேய்ன் தாமஸ் குழு உராய்வுக் கலக்கல் முறையை உருவாக்கியது. அதைத் தழுவி ஹோண்டா 2013 அக்கார்டின் முன் துணைச்சட்டத்தில் எஃகையும் அலுமினியத்தையும் இணைத்தது. அச்சட்டத்தின் எடை 25 விழுக்காடு குறைந்ததாக அறிவித்தது.

இவை பெரும்பாலும் உருக்கொடுத்தபின் ஒட்டும் முறைகள். வரிசையைத் திருப்பும் முயற்சியை 2015 முதல் ஜெர்மனியின் ஹனோவர் லைப்னிட்ஸ் பல்கலைக்கழகம் முறையாக மேற்கொண்டது. அங்கே உராய்வால் இணைத்த தண்டுகளையும், அலுமினியத்தைப் பிதுக்கும்போதே பக்கவாட்டில் எஃகுக் கம்பியைச் செலுத்தி உருவாக்கிய துண்டுகளையும் அச்சில் அடித்தார்கள். எஃகை வழக்கமாக 1,000 டிகிரிக்கு மேல் காய்ச்சியே அடிப்பார்கள். அந்தச் சூட்டில் அலுமினியம் ஓடிவிடும். எனவே தூண்டல் சூடேற்றியால் எஃகுப் பகுதியை மட்டும் காய்ச்சி, அலுமினியம் உருகுமுன் அழுத்தினார்கள். சூடு பிசகினால் மென்மையான பக்கம் மட்டும் பிதுங்கி, எல்லை இடம்பெயரும் என்பதே இதன் நுணுக்கம். சரியாக அமைந்தால், காய்ச்சி அடிப்பதே இணைப்பின் நுண்ணமைப்பை மேம்படுத்தும் என்பது இம்முறையின் அடிப்படை எதிர்பார்ப்பு.

அடித்த பிறகும் சிக்கல் உண்டு. எஃகைக் கடினமாக்கக் காய்ச்சும் சூடு 800 டிகிரிக்கு மேல், அலுமினியம் தாங்காது. ஆகவே உறுப்பை ஆறவைத்து மறுபடி காய்ச்சாமல், அடித்த சூடு தணியுமுன்பே நீரும் காற்றும் தெளித்து எஃகுப் பகுதியைக் கடினப்படுத்தும் வழியை ஆராய்ந்தார்கள்.