ஓவியம் தீட்டக் கற்ற பொறி



கணிப்பொறி படம் வரைகிறது என்று கேட்டால் நாம் வியக்கிறோம். எனக்கோ, அதற்கு வரையக் கற்பித்தவர்கள் தங்கள் கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்ட வரலாறே பெருவியப்பைத் தருகிறது. அவ்வரலாற்றின் பெரும்பகுதி பத்து ஆண்டுகளில் அடங்கிவிடும்.

2014-ஆம் ஆண்டில், கனடாவின் மான்ட்ரீல் பல்கலைக்கழகத்தில் இயன் குட்ஃபெல்லோவும் அவருடைய தோழர்களும் இரண்டு பொறிகளை எதிரெதிரே நிறுத்தினர். ஒன்று பொய்ப்படத்தைப் படைக்கும். மற்றொன்று, வந்தது மெய்யா பொய்யா என்று ஆய்ந்து கூறும். கள்ளப்பணம் அடிப்போரையும் அவர்களைப் பிடிக்க முயலும் காவலரையும் அவர்களே இதற்கு உவமையாகக் காட்டினர். போட்டி முற்ற முற்றப் படங்கள் மெய்போலவே தோன்றலாயின.

ஆனால் ஒரு குறை இருந்தது. தேர்வாளரை ஏமாற்றச் சிலவகைப் படங்களே போதும் என்று கண்டுகொண்டால், படைக்கும் பொறி அவற்றையே திரும்பத் திரும்பத் தரும். தேர்வில் வரக்கூடிய ஐந்து வினாக்களை மட்டும் நெட்டுருச் செய்யும் மாணவரை நீங்கள் கண்டதில்லையா? தேர்வாளர் மிகக் கடுமையானவராகிவிட்டாலோ, மாணவர் ஒன்றும் கற்பதில்லை.

மற்றொரு வழி இயற்பியலிலிருந்து வந்தது. நீரில் விட்ட மைத்துளி பரவிக் கலைவது போலப் படத்தையும் சிறிது சிறிதாகக் கலைக்கலாம். பின்னர் அக்கலைப்பைத் திருப்பக் கற்பிக்கலாம். 2015-இல் ஜாஷா சோல்-டிக்ஸ்டீன் முதலியோர் இக்கருத்தை வெளியிட்டனர். ஐந்தாண்டு அதனைப் பெரிதாகப் போற்றியோர் சிலரே. 2020-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனதன் ஹோ, அஜய் ஜெயின், பீட்டர் அபீல் ஆகிய மூவரும் அதற்குப் புத்துயிர் அளித்தனர். நல்ல படத்தின்மீது தாறுமாறான புள்ளிகளை 1000 படிகளில் தூவி, இறுதியில் படமே தெரியாதவாறு செய்தனர். பொறியிடம் அவர்கள் ‘படம் வரை’ என்று கூறவில்லை. ‘இதன்மேல் தூவப்பட்டது எது?’ என்று மட்டுமே வினவினர். தூவியவர் தாமே ஆதலின், விடை எப்போதும் அவர்கள் கையில் இருந்தது. எதிரியும் வேண்டியதில்லை, ஏமாற்றும் வேண்டியதில்லை. வெறும் புள்ளிக்குவியலில் தொடங்கித் தூசியைப் படிப்படியாக நீக்கிக்கொண்டே சென்றால், முன்பில்லாத படம் ஒன்று வெளிப்படும். வினாவை எளிதாக்கிய இச்செயலையே நான் இவ்வரலாற்றின் திருப்பமாகக் கருதுகிறேன்.

ஆசிரியர் திருந்தினார், பாடநூல் திருந்தவில்லை. 2022-இல் வெளிவந்த லயான்-5பி என்னும் தொகுப்பில் இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடி இணைகள் இருந்தன. ஒவ்வோர் இணையும் ஒரு படத்தின் முகவரியும் அதனோடு கிடந்த குறிப்புமாகும். அக்குறிப்புகளோ, பலவிடத்து விலையும் விளம்பரமுமே. படத்தில் பூனை இருக்கும். குறிப்பில் கடையின் பெயர் இருக்கும்! 2023-இல் ஓப்பன்ஏஐ நிறுவனத்தார் வேறொரு பொறியைக்கொண்டு படங்களுக்கு விரிவான வருணனை எழுதுவித்தனர். பயிற்சியில் நூற்றுக்குத் 95 பங்கு அவ்வருணனைகள். 5 பங்கு மட்டும் பழைய குறிப்புகள். பொறியின் நடைக்கே மாணவப்பொறி அடிமையாகிவிடாதிருக்க அந்த ஐந்து பங்கு வேண்டியிருந்தது. அதன்பின், கேட்டதைக் கேட்டவாறு வரையும் திறன் உயர்ந்தது.

குறிப்பைத் திருத்தியவர்கள், படத்தை வரைந்தவரிடம் இசைவு கேட்பதைப் பாடத்தின் பகுதியாகக் கொள்ளாதது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது. 2023 சனவரியில், தங்கள் ஓவியங்களை இசைவின்றிப் பயிற்சிக்கு எடுத்தாண்டனர் என்று ஓவியர் மூவர் சான் பிரான்சிஸ்கோ நகர நீதிமன்றத்தில் இத்தகைய நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தனர்.