வெர்மான்ட் மாநிலத்தில் ஊராட்சி: ஆவணங்களும் ஆய்வுகளும்

1. களமும் கருத்தும்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டி இருக்கிறது வெர்மான்ட். 2020 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 6,43,077. அவர்களில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ஊரகத்தில் வாழ்கிறார்கள். ஐம்பது மாநிலங்களில் வேறு எதிலும் இந்த விகிதம் இவ்வளவு உயரவில்லை. தலைநகரான மான்ட்பீலியரிலேயே எட்டாயிரம் பேர்தான். நம் பக்கத்துச் சிறு பேரூராட்சி அளவு.

இந்த மாநிலத்தின் அடிப்படை ஆட்சி அலகு ‘டவுன்’. பெயரைக் கேட்டு நகரம் என்று எண்ணிவிட வேண்டாம். காடு, பண்ணை, மலைச்சரிவு, இரண்டு மூன்று குடியிருப்புகள் எல்லாம் சேர்ந்த ஒரு நிலப்பரப்பு அது. நம் ஊராட்சியோடு ஒப்பிடத்தக்கது. மாநிலத்தில் இப்படி 230க்கும் மேற்பட்ட டவுன்கள் உள்ளன. பெரும்பாலானவற்றில் 2,500 பேர்கூட இல்லை. 14 கவுண்டிகள் இருந்தாலும் நீதிமன்றக் கட்டடம், ஷெரிஃப் அலுவலகம் என்பதைத் தாண்டி அவற்றுக்கு வேலை அதிகமில்லை. மாநிலத்துக்கும் ஊருக்கும் நடுவே நம் மாவட்ட நிர்வாகம் போன்ற ஒன்று கிடையாது. உள்ளாட்சியை ஆராய்பவருக்கு இது பெரிய வசதி. ஒரு முடிவை எடுத்தது ஊரா, மேலிருப்பவரா என்று எளிதாகப் பிரித்தறியலாம்.

வெர்மான்ட் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் வாக்காளர்கள் நேரில் கூடி முடிவெடுக்கும் மார்ச் மாதத்து டவுன் கூட்டத்தையே கொண்டாடினார்கள். அந்தக் கூட்டம் கொண்டாடத்தக்கதுதான். ஆனால் வெர்மான்ட் உள்ளாட்சி ஆய்வின் உண்மையான செல்வம் அந்த ஒருநாளில் இல்லை. சட்டத்தின் கட்டாயத்தால் ஒவ்வொரு டவுனும் எழுதிவைக்கும் தாள்களில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. தோற்றம்

நியூ ஹாம்ப்ஷயரின் ஆளுநர் பென்னிங் வென்ட்வொர்த் 1749இல் பென்னிங்டன் என்னும் டவுனுக்கு நில மானியம் வழங்கினார். பக்கத்துக்கு ஆறு மைல் கொண்ட சதுரம் என்பது அக்கால மானியங்களின் பொது அளவு. மலை எது, ஆறு எது என்று பாராமல் வரைபடத்தில் கோடு இழுத்ததால், ஒரே டவுனின் இரு பகுதிகளுக்கு நடுவே மலைத்தொடர் குறுக்கிடும் இடங்கள் இன்றும் உண்டு. பென்னிங்டனில் முதல் கூட்டம் 1762இல் கூடியது. 1777 முதல் 1791 வரை வெர்மான்ட் தனிக் குடியரசாக இருந்து, பிறகு 14ஆவது மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தது. ஆக, மாநிலம் பிறக்கும் முன்பே டவுன்கள் கூடிப் பேசத் தொடங்கிவிட்டன. அந்தப் பெருமிதம் அவர்கள் பேச்சில் இன்றும் தொனிக்கும்.

அந்தப் பழம்பெருமையில் ஓட்டையும் உண்டு. பெண்களுக்கு டவுன் கூட்டத்தில் வாக்குரிமை கிடைத்தது 1917இல். அதுவும் வரி கட்டும் பெண்களுக்கு மட்டும்.

3. ஆண்டில் ஒருநாள்

மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை டவுன் கூட்ட நாள். கூட்டத்துக்கு 30 நாளுக்குக் குறையாமலும் 40 நாளுக்கு மிகாமலும் முன்னதாக ‘வார்னிங்’ என்னும் அறிவிப்பைப் பொது இடங்களில் ஒட்டியாக வேண்டும். பேசவிருக்கும் பொருள்கள் அதில் வரிசை எண்ணோடு இருக்கும். வாக்காளர்களில் 5 விழுக்காட்டினர் கையெழுத்திட்டால் தாங்கள் விரும்பும் பொருளையும் அதில் சேர்க்க வைக்கலாம். அறிவிப்பில் இல்லாத எதையும் கூட்டத்தில் தீர்மானித்துச் செல்லுபடியாக்க முடியாது.

கூட்டத்தை நடத்துபவர் மாடரேட்டர். அவர் அந்த ஊர் வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். ராபர்ட் என்னும் படைத்துறைப் பொறியாளர் 1876இல் வெளியிட்ட அவைநடைமுறை விதிகளே வழக்கமாகப் பின்பற்றப்படுகின்றன. பெரும்பாலும் குரல் வாக்குதான். ஏழு வாக்காளர்கள் கேட்டால் வாக்குச்சீட்டு. பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் கை தூக்கத் தயங்குபவருக்கு அந்த ஏழு பேர் விதி ஒரு பாதுகாப்பு.

இங்கு எடுக்கப்படும் முடிவு பரிந்துரை அன்று. வரவுசெலவுத் திட்டத்தில் சாலைக்கு ஒதுக்கிய தொகையைக் கூட்டம் குறைத்தால் அது குறைந்ததுதான். எனினும் தங்கள் அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டதையும் பேசிப்பார்க்கும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. 1982 மார்ச்சில் 150க்கும் மேற்பட்ட டவுன்கள் அணு ஆயுத உற்பத்தியை நிறுத்தக் கோரித் தீர்மானம் போட்டன. மாஸ்கோவும் வாஷிங்டனும் இவர்களைக் கேட்டா நடக்கின்றன என்று அன்றே சிலர் சிரித்தார்கள். ஆனால் நாடெங்கும் பேசப்பட்டவை அந்தத் தீர்மானங்கள்தான்.

4. மற்ற நாட்கள்

கூட்டம் கலைந்ததும் ஊரை நடத்துவது செலக்ட்போர்டு. மூவர் அல்லது ஐவர் கொண்ட குழு. பெரும்பாலும் பகுதிநேரப் பணி, ஊதியம் பெயரளவுக்கு. அவர்களுக்கு அடுத்து டவுன் கிளார்க். நிலப் பத்திரங்கள், பிறப்பு இறப்பு, வாக்காளர் பட்டியல், நாய் உரிமம் என எல்லாம் அவர் மேசையில்தான். நிலப் பத்திரப் பதிவு கவுண்டியில் அல்லாமல் டவுனிலேயே நடப்பது அமெரிக்காவில் பரவலான வழக்கம் அன்று. வீடு வாங்குபவரின் வழக்கறிஞர் அந்த அலுவலகப் பெட்டகத்துக்கு நேரில் வந்து பழைய தொகுதிகளைப் புரட்டுவது அன்றாடக் காட்சி.

சொத்து மதிப்பிடுபவர்கள் லிஸ்டர்கள். ஏப்ரல் 1ஆம் தேதி நிலவரப்படி ஊரிலுள்ள ஒவ்வொரு சொத்தையும் மதிப்பிட்டு அவர்கள் தயாரிப்பது ‘கிராண்ட் லிஸ்ட்’. யாருடைய வீடு என்ன மதிப்பு என்பதை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். வரி குறைக்க மனுப்போட்டவர் பக்கத்து வீட்டு மதிப்பை எடுத்துக்காட்டி வாதாடுவது இதனால்தான் முடிகிறது.

பணத்தில் பெரும்பங்கைத் தின்பது சாலை. மாநிலத்தின் சாலைகளில் மிகப் பெரும்பகுதி டவுன்களின் பொறுப்பு. அவற்றில் பாதிக்கு மேல் தார் காணாத கப்பிச் சாலைகள். குளிர்காலத்தில் உப்பும் மணலும், பனி உருகும் நாட்களில் சகதி, கோடையில் கிரேடர் ஓட்டம். டவுன் கூட்டத்தில் பள்ளியைவிடச் சூடாகச் சில சமயம் பேசப்படுவது புதிய லாரி வாங்குவதா பழையதை ஓட்டுவதா என்பதுதான்.

2011 ஆகஸ்ட் இறுதியில் ஐரீன் புயல் இந்தச் சாலைகளை வாரிக்கொண்டு போனது. பல ஊர்கள் நாட்கணக்கில் தனித்தீவாயின. அடித்துச் செல்லப்பட்ட மதகுக் குழாய்களுக்கு மாற்றாகப் பெரிய குழாய் போட ஒன்றிய அரசின் பேரிடர் முகமை பணம் தருமா என்பதில் தகராறு எழுந்தது. பழைய அளவுக்குத்தான் பணம். பெரிய அளவு வேண்டுமானால் அப்படியொரு தரவிதி முன்பே நடைமுறையில் இருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்பது முகமையின் நிலை. அதன்பின் மாநிலம் தன் பேரிடர் நிதிப் பங்கைக் கூடக்குறையக் கொடுக்கத் தொடங்கியது: சாலை, பாலத் தரவிதிகளை முன்கூட்டியே ஏற்று நிறைவேற்றிய டவுனுக்குக் கூடுதல் பங்கு கிடைக்கும். ஓர் இரவுக் கூட்டத்தில் யாரும் கவனிக்காமல் நிறைவேறிய தீர்மானம் ஒன்று, வெள்ளத்துக்குப் பின் ஊரின் கடன்சுமையைத் தீர்மானிக்கலாம். 2023 ஜூலையில் வெள்ளம் திரும்ப வந்தபோது அந்தத் தீர்மானத் தாள்களின் அருமை மறுபடி தெரிந்தது.

5. அதிகாரத்தின் எல்லை

மாநிலம் எழுத்தில் தராத எந்த அதிகாரமும் ஊருக்கு இல்லை என்பது அயோவா நீதிபதி ஜான் டில்லன் 1868இல் சொன்ன கோட்பாடு. வெர்மான்ட் அதைக் கடைப்பிடிக்கும் மாநிலம். தனக்கென்று சாசனம் வைத்துள்ள ஊர் அதில் மாற்றம் செய்ய விரும்பினால், மக்கள் வாக்களித்த பிறகும் மாநிலச் சட்டமன்றம் ஒப்ப வேண்டும். 1992இல் நிறைவேறிய 73ஆவது திருத்தத்தால் நம் ஊராட்சிகளுக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் கிடைத்துவிட்டது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் டவுன் என்ற பேச்சே கிடையாது. டவுன் கூட்டத்தைப் போற்றுபவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

முன்பு ஊர்களுக்கு வேறொரு பிடி இருந்தது. 1965 வரை மாநிலக் கீழவையில் டவுனுக்கு ஓர் உறுப்பினர், மொத்தம் 246 பேர். முப்பத்தைந்தாயிரம் பேர் வாழ்ந்த பர்லிங்டனுக்கும் ஒருவர். முப்பது பேர்கூட இல்லாத ஸ்ட்ராட்டனுக்கும் ஒருவர். ஆளுக்கொரு சம வாக்கு என்னும் நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பின் அவை 150 உறுப்பினர்களாகச் சுருங்கியது. நியாயமான மாற்றம், ஆனால் அன்றுமுதல் தலைநகரில் ஊரின் குரல் தேய்ந்தது.

அடுத்தது பள்ளி. 1997 பிப்ரவரியில் பிரிகாம் வழக்கில் மாநில உச்சநீதிமன்றம், ஊரின் சொத்துவளத்தைப் பொறுத்துப் பள்ளிச்செலவு ஏறி இறங்குவது சமத்துவத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த 60ஆம் எண் சட்டம் மாநிலம் முழுமைக்குமான கல்விச் சொத்துவரியைக் கொண்டுவந்தது. 2015இல் வந்த 46ஆம் எண் சட்டம் சிறு பள்ளி மாவட்டங்களை (பள்ளி நிர்வாக அலகுகளை) இணைக்க வழிசெய்தது. பொதுக் கல்வி வரியால் ஏழை ஊர்ப் பிள்ளைகளுக்கு நன்மைதான். ஆனால் பணக்கார ஊர்கள் கொதித்தன. பனிச்சறுக்கு விடுதிகள் நிறைந்த கில்லிங்டன், வரிச்சுமையைக் காட்டி 2004 டவுன் கூட்டத்தில் வெர்மான்ட்டை விட்டு நியூ ஹாம்ப்ஷயரோடு சேர வாக்களித்தது. இன்றுவரை கில்லிங்டன் வெர்மான்ட்டில்தான் இருக்கிறது. ஊரின் வாக்குக்கு எதுவரை வலு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

6. ஆய்வாளருக்கான ஆவணங்கள்

முதலிடம் டவுன் ஆண்டறிக்கைக்கு. கூட்டத்துக்குப் பத்து நாளுக்கு முன்பாகவே இது வாக்காளர் கைக்குச் சேர வேண்டும். பல ஊர்களில் இதைத் தொகுப்பது ஊரார் தேர்ந்தெடுத்த தணிக்கையாளர்கள். உள்ளே ஒவ்வொரு செலவினமும் தனித்தனி வரியில் இருக்கும்: போன ஆண்டு ஒதுக்கியது, செலவானது, வரும் ஆண்டுக்குக் கேட்பது. சாலை உப்புக்கு ஒரு வரி, கப்பிக்கு ஒரு வரி, டீசலுக்கு ஒரு வரி. நூலகத்தின் கணக்கு, கல்லறை நிலத்தின் கணக்கு, நாய் உரிமத்தில் வந்த பணம் எல்லாம் உண்டு. வரி பாக்கி வைத்திருப்பவர் பெயரையும் தொகையையும் அச்சிடும் ஊர்கள் உண்டு. நம் ஊரில் அப்படி அச்சிட்டால் மறுநாள் என்ன நடக்கும் என்று வாசகரே ஊகிக்கலாம். நூறாண்டு அறிக்கைகளை வரிசையாக வைத்துப் படித்தால், குதிரைத் தீவனச் செலவு மறைந்து எரிபொருள் வருவதும், ஏழைப் பராமரிப்பு ஊரின் கணக்கிலிருந்து மாநிலத்துக்குப் போவதும் கண்முன் நிற்கும்.

அடுத்து கூட்டக் குறிப்புகள். திறந்த கூட்டச் சட்டப்படி செலக்ட்போர்டு கூடிய ஐந்து நாளுக்குள் குறிப்புகள் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிட வேண்டும். தீர்மானம் இருக்கும், வாக்குவாதம் பெரும்பாலும் இராது. அந்தக் குறையை உள்ளூர் வார இதழ்கள் ஓரளவு தீர்க்கின்றன.

பழைய வரலாற்றுக்கு அபி மரியா ஹெமன்வே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் ஊராகத் தொகுத்த வெர்மான்ட் வரலாற்றுக் கையேடு இன்றியமையாதது. மிடில்செக்ஸிலுள்ள மாநில ஆவணக் காப்பகம், வெர்மான்ட் பல்கலைக்கழக நூலகம், 1967இல் தொடங்கிய வெர்மான்ட் நகர்-ஊர் சங்கத்தின் சட்டக் கையேடுகள், பதினொரு வட்டாரத் திட்டக் குழுக்களின் வரைபடங்கள் ஆகியவை துணைச் சான்றுகள்.

7. இரு பெரும் ஆய்வுகள்

ஜேன் மான்ஸ்பிரிட்ஜ் 1980இல் வெளியிட்ட நூல், ‘செல்பி’ என்று புனைபெயரிட்ட ஒரு வெர்மான்ட் டவுனில் தங்கி மக்களோடு பேசி எழுதப்பட்டது. எல்லோரும் வந்து பேசலாம் என்ற அவையில் யார் வராமல் இருக்கிறார்கள், யார் வந்தும் வாய்திறப்பதில்லை என்பதே அவர் கேள்வி. முகத்துக்கு முகம் மோத அஞ்சுவதும், தப்பாகப் பேசினால் ஊர் சிரிக்கும் என்ற கூச்சமும் ஏழைகளையும் ஒதுக்குப்புறத்தில் வாழ்வோரையும் அதிகம் தடுக்கின்றன என்று அவர் கண்டார்.

ஃபிராங்க் பிரையனின் வழி வேறு. அவர் தம் மாணவர்களை ஆண்டுதோறும் டவுன் கூட்டங்களுக்கு அனுப்பித் தலைகளை எண்ணவைத்தார்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பேசினார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை. 1970 முதல் 1998 வரை 210 டவுன்களில் 1,435 கூட்டங்கள். 2004இல் வந்த அவர் நூலின்படி, சராசரியாக வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர் கூட்டத்துக்கு வருகிறார். ஊர் பெருக்கப் பெருக்க வருகை விகிதம் சரிகிறது. வேறெந்தக் காரணியும் இதற்கு ஈடாக நிற்கவில்லை. வந்தவர்களில் பெண்கள் பாதிக்கு அருகில், பேசியவர்களில் அதைவிடக் குறைவு. பேசித் தீர்க்காமல் நாள்முழுதும் பெட்டியில் சீட்டுப்போடும் ஆஸ்திரேலிய வாக்குமுறைக்கு ஊர்கள் மாறுவதை பிரையன் கடுமையாக எதிர்த்தார். 2021இல் பெருந்தொற்றுக்காகச் சட்டமன்றம் அம்முறைக்குத் தற்காலிக வழிவிட்டபின் அந்த விவாதம் மறுபடி கிளம்பியது.

இரண்டில் எது மேல் என்று கேட்டால் நான் பிரையன் பக்கம் சாய்வேன். பரப்பும் பொறுமையும் அவருடையவை. ஆனால் வந்தவரை எண்ணலாம், வராதவரின் காரணத்தை எண்ண முடியாது. அங்கே மான்ஸ்பிரிட்ஜ் தேவைப்படுகிறார். மான்ஸ்பிரிட்ஜின் நூல் பிரிகாம் தீர்ப்புக்கு முந்தியது, பிரையன் கூட்டத்தையே மையமாக வைத்தார், ஆகவே அத்தீர்ப்புக்குப் பின் பேசுவதற்கு என்ன மிச்சம் என்ற கேள்வி அவர்களிடம் முழுமை பெறவில்லை. அதற்கு ஆண்டறிக்கைகளைத்தான் அள்ளிப்போட்டுக் கணக்கிட வேண்டும்.

8. நமக்கு

தென்னிந்தியக் கிராம சபைகளைப் பற்றி பரோமிதா சன்யாலும் விஜயேந்திர ராவும் எழுதி 2019இல் வெளிவந்த நூல், தமிழகம் உட்பட நான்கு மாநிலங்களில் ஏறத்தாழ 300 கூட்டங்களின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தது. அது தொடக்கம்தான். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள் உள்ளன. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் எல்லாவற்றிலும் ஒரே நாளில் கிராம சபை கூடுகிறது. நான்குமே விடுமுறை நாட்கள். கல்லூரி மாணவர்கள் பலரும் சொந்த ஊரில் இருப்பார்கள். பிரையனுக்குக் கிடைத்த மாணவர்களைவிட நம்மிடம் பல மடங்கு பேர் உண்டு. அரசியல், சமூகவியல் துறைப் பேராசிரியர்கள் ஒரு படிவம் தயாரித்துக் கொடுத்தால் போதும்: வந்தவர் எத்தனை, பேசியவர் எத்தனை, பெண்கள் எத்தனை, எந்தத் தெருவிலிருந்து யாரும் வரவில்லை, வரவுசெலவுக் கணக்கை வாசித்தார்களா. வரும் கிராம சபைக்கே இதைத் தொடங்கலாம்.