கோடிங் வராதா? கணக்கிடம் கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்!

"பி.காம் முடிச்சிருக்கேன். கோடிங் சுத்தமா வராது. அனலிஸ்ட் ஆக முடியுமா?" கல்லூரி முடிக்கும் பலருக்கும் இந்தக் கவலை இருக்கு. தாராளமா ஆகலாம். பிசினஸ் பெர்ஃபாமன்ஸ் அனலிஸ்ட் வேலைக்கு முதலில் தேவை, நிறுவனத்தின் பணம் எந்த ஓட்டையில் ஒழுகுதுன்னு பார்க்கிற கண்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் கூடியிருக்கிறது, லாபம் குறைந்திருக்கிறது. முதலாளி நூல் விலையைத் திட்டுகிறார். அனலிஸ்ட் ஆறு மாத ஆர்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார். கப்பலில் போகவேண்டிய சரக்கு, தாமதமானதால் விமானத்தில் போயிருக்கிறது. அந்தச் செலவு ஏற்றுமதியாளர் தலையில். ஏன் தாமதம்? தையலில் குறையில்லை, சாயப்பட்டறையிலிருந்து துணி வரவே நாலு நாள் லேட். இதைக் கணக்கோடு காட்டினால், முதலாளியின் கோபம் சரியான இடத்துக்குத் திரும்பும்.

சொன்ன தேதியில் போன ஆர்டர் எத்தனை சதவிகிதம், தரச்சோதனையில் கழிந்த பீஸ் எத்தனை... இந்த அளவுகோல்களைத்தான் கே.பி.ஐ என்கிறார்கள். அளவுகோல் தப்பினால் எல்லாமே தப்பு. கால் சென்டரில் 'எவ்வளவு சீக்கிரம் பேசி முடிச்சே' என்பதை மட்டும் அளந்தால், பிரச்னை தீராமலே போனை வைப்பார்கள். வாடிக்கையாளர் மறுபடி கூப்பிடுவார். ரிப்போர்ட்டில் மட்டும் எல்லாம் பச்சையா இருக்கும்! பணக்கணக்கோடு வாடிக்கையாளர், உள்வேலை, கற்றல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் 'பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு' முறையை ராபர்ட் கப்லானும் டேவிட் நார்ட்டனும் 1992-ல் முன்வைத்தார்கள். தேடிப் படிங்க.

பட்டம் பி.காம், பி.பி.ஏ, புள்ளியியல், இன்ஜினீயரிங் எதுவானாலும் சரி. எக்செல்லில் பிவட் டேபிள், லுக்அப் ஃபார்முலாக்கள் தண்ணிபட்ட பாடா இருக்கணும். அடுத்து, டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்க எஸ்.க்யூ.எல். எளிமையான கட்டளைகள்தான், பயப்பட வேண்டாம். பிறகு பவர் பி.ஐ அல்லது டேப்லோ, ஏதாவது ஒன்று. லாப நட்டக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும் படிக்கத் தெரியாவிட்டால் இவை எதுவும் கைகொடுக்காது. பி.காம்காரர்கள் இங்கே ஓரடி முன்னால்!

ஸ்வயம், என்.பி.டி.இ.எல் தளங்களில் பாடங்களை இலவசமாகவே படிக்கலாம், சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம். 'நூறு சதவிகிதம் வேலை உறுதி' என்று லட்சத்தில் ஃபீஸ் கேட்கிறார்களா? கையெழுத்து போடும் பேப்பர் அட்மிஷன் ஃபாரமா, லோன் ஒப்பந்தமா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்க.

சான்றிதழோடு, செய்த வேலை ஒன்றையும் இன்டர்வியூவுக்கு எடுத்துப்போங்க. தெரிந்த மளிகைக் கடையில் அண்ணாச்சியிடம் சொல்லி மூணு மாத பில்களை வாங்குங்க. எந்தச் சரக்கு அலமாரியில் தூங்குது, கடனில் எவ்வளவு நிக்குதுன்னு ஒரே பக்கத்தில் போட்டுக் காட்டுங்க.

விளம்பரங்களில் இதே பெயர் அதிகம் இருக்காது. 'எம்.ஐ.எஸ் எக்ஸிக்யூட்டிவ்', 'எஃப்.பி அண்ட் ஏ அனலிஸ்ட்' என்றும் தேடுங்க. ஐ.டி கம்பெனிகளில் 'பிசினஸ் அனலிஸ்ட்' என்றால் பெரும்பாலும் மென்பொருளுக்கான தேவைகளைக் கேட்டு எழுதும் வேலை. அப்ளை பண்ணும் முன் வேலை விவரத்தை முழுசா படிச்சிடுங்க.