மூச்சடக்கும் போட்டியும் முகுளத்தின் கணக்கும்

பள்ளி விடுமுறை என்றால் கல்லடி வாவிக்கரையில்தான் எங்கள் பொழுது போகும். யார் அதிக நேரம் தண்ணீருக்குள் இருப்பது என்பதே போட்டி. எங்களில் மூத்தவன் ஒரு வழி சொல்லித் தந்தான்: “முங்க முதல் இருபது தரம் வேகமா மூச்சை இழுத்து விடுங்கடா. காத்து நிறைய நிக்கும்.” செய்து பார்த்தோம். உண்மையிலேயே முன்னரைவிட அதிக நேரம் இருக்க முடிந்தது.

ஒரு நாள் எங்களில் ஒருவன் மேலே வரவில்லை. அவன் கைகாலை அடிக்கவில்லை, தண்ணீரும் கலங்கவில்லை. வென்றுகொண்டிருக்கிறான் என்று நினைத்து எண்ணிக்கொண்டே நின்றோம். பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர்தான் பாய்ந்து தூக்கினார். உதடெல்லாம் நீலம். பிழைத்துக்கொண்டான். வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

அவன் ஏன் மூச்சுக்குத் தவிக்கவில்லை என்பது பல வருடங்களுக்குப் பிறகு, உடற்றொழிலியல் புத்தகம் ஒன்றைப் படித்தபோதுதான் விளங்கியது.

ஓய்வாக இருக்கும்போது வளர்ந்த ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். அதை நடத்துவது மூளையின் அடிப்பகுதியான முகுளம். ஒட்சிசன் குறைந்தால்தான் மூச்சு முட்டும் என்று நாம் நினைக்கிறோம். முகுளம் முக்கியமாகப் பார்ப்பது காபனீரொட்சைட்டை. அது இரத்தத்தில் கூடும்போது மூளையைச் சூழ்ந்த திரவத்தில் அமிலத்தன்மை கூடுகிறது. உடனே “மூச்சு விடு” என்ற கட்டளை பிறக்கிறது. 1905இல் ஹால்டேன், பிரீஸ்ட்லி ஆகிய இருவரும் இதை நிறுவினார்கள். ஒட்சிசனைக் கவனிக்கவும் உறுப்புகள் உண்டு. கழுத்து நாடிகள் பிரியும் இடத்தில் அரிசிமணி அளவில் இருக்கின்றன. அவற்றின் பங்கைக் கண்டறிந்ததற்காகவே ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஒட்சிசன் நன்றாகக் குறைந்த பிறகுதான் அவை பலமாகக் குரல் கொடுக்கும்.

இனி அந்த இருபது மூச்சுக்கு வருவோம். சுகதேகியின் இரத்தம் சாதாரணமாகவே 95 வீதத்துக்கு மேல் ஒட்சிசனால் நிறைந்திருக்கிறது. வேகமாக மூச்சு விட்டால் அதில் பெரிதாக எதுவும் கூடாது, காபனீரொட்சைட்டுத்தான் வெளியேறிவிடும். எங்களுக்குக் கூடியது காற்றல்ல, எச்சரிக்கை மணி அடிக்க எடுக்கும் நேரம். அது அடிப்பதற்குள் ஒட்சிசன் தீர்ந்து, நினைவு போய்விடுகிறது.

தரையில் பிடிவாதமாக மூச்சடக்கி மயங்கினால் முகுளம் பொறுப்பெடுத்து மூச்சை மீட்டுத் தரும். தண்ணீருக்குள்ளும் அதையேதான் செய்கிறது. அப்போது உள்ளே போவது தண்ணீர்.

1942 ஏப்ரல் 9இல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மஸ் கப்பலைப் பார்க்க 50 மீற்றருக்கும் கீழே சுழியோடுகிறவர்களைத்தான் ஆபத்தோடு விளையாடுகிறவர்கள் என்போம். இந்த மயக்கத்துக்கு ஆழம் வேண்டியதில்லை. நெஞ்சளவு வாவித் தண்ணீர் போதும். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளே இதில் அகப்படுகிறார்கள்.

அன்று அவனைக் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கினோம். அதுவும் பிழை. மூச்சில்லாதவரை மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊத வேண்டும். அசைவில்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்க வேண்டும்: 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறி. அதற்கிடையில் இன்னொருவர் 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.