நாஷ்வில் ஒலிப்பாணி

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில் 1950களின் பிற்பகுதியில் உருவான கன்ட்ரி இசைப் பாணி. ராக் அண்ட் ரோல் அலையில் சரிந்த விற்பனையை மீட்க, ஆர்சிஏ விக்டர் இசைத்தட்டு நிறுவனத்தின் செட் அட்கின்ஸ், டெக்கா நிறுவனத்தின் ஓவன் பிராட்லி முதலிய தயாரிப்பாளர்கள் இதை வளர்த்தனர். நாட்டுப்புற ஃபிடில், ஸ்டீல் கிட்டார், மூக்கொலிக் குரல் ஆகியன பின்னுக்குப் போயின. வயலின் குழுவும் (ஃபிடிலும் வயலினும் கருவி ஒன்றே, வாசிப்பு வேறு) மெருகேறிய பின்னணிக் குரல்களும் முன்வந்தன. ஜிம் ரீவ்ஸ் ‘ஃபோர் வால்ஸ்’ (1957) பாடலை ஒலிவாங்கியில் உதடு படுமளவு நெருங்கித் தணிந்த குரலில் பாடினார். பேட்ஸி கிளைனின் ‘கிரேஸி’ (1961) பாப் வானொலிகளையும் எட்டியது. 1958இல் அமைந்த கன்ட்ரி இசைச் சங்கம் முழுநேரக் கன்ட்ரி வானொலி நிலையங்களைப் பெருக்க முனைந்தது. மரபு நீர்த்துப்போகிறது என்ற குறை அப்போதே எழுந்தது. இப்பாணிக்கு மாறாக, கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் பக் ஓவன்ஸ், மெர்ல் ஹாகர்ட் ஆகியோர் டெலிகாஸ்டர் கிட்டாரின் கூரிய ஒலியோடு ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் தக்கவைத்தனர்.