ஆணி அறையாத படகு: வீட்டில் செய்த ஒரு மாதிரியும் அது சொன்ன வரலாறும்

தமிழன் கடலை ஆண்டான் என்று பேசாத சங்க விழா கிடையாது. ராஜேந்திர சோழன் கடாரம் கொண்ட கதைக்கு நாமும் கைதட்டத் தவறுவதில்லை. ஆனால் அந்தக் கடலில் மிதந்த கலத்தை எந்த மரத்தில் கட்டினார்கள், ஒரு பலகையை இன்னொரு பலகையோடு எதைக் கொண்டு சேர்த்தார்கள் என்று யாராவது எழுந்து கேட்டால் மேடை கொஞ்சம் அமைதியாகிவிடும். நாவாய், வங்கம், கலம், தோணி, அம்பி, பஃறி, திமில் என்று பழைய நூல்களில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. உருவம்தான் அகப்படுவதில்லை.

காரணம் எளியது. நம் படகுத் தச்சர்கள் காகிதத்தில் வரைந்து கட்டியவர்கள் அல்லர். கப்பல் சாத்திரம் என்ற பெயரில் சுவடி உண்டு, அச்சிலும் வந்திருக்கிறது. ஆனால் அது மரத்தின் நன்மை தீமை, நாள், பலன் ஆகியவற்றையே மிகுதியாகப் பேசுகிறது. பலகையை வளைப்பது எப்படி என்பது தச்சரின் கண்ணிலும் கையிலும் இருந்த பாடம். கை ஓய்ந்தால் பாடமும் ஓய்ந்துவிடும். அந்தப் பாடத்தில் ஒரு பகுதியையாவது வீட்டு மேசையில் மீட்டெடுக்க முடியுமா என்று பார்க்கத்தான் அளவு மாதிரி ஒன்றைச் செய்யத் துணிந்தேன்.

கடலில்லாத ஊரில் கப்பல்

நான் வசிக்கும் ரஞ்சன்காவ், புனே - நகர் சாலையில் உள்ளது. அட்டவிநாயகத் தலங்களில் ஒன்றான மகாகணபதி கோயிலாலும் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையாலும் நம்மவர்களுக்குத் தெரிந்த ஊர். சஹ்யாத்ரி மலைக்கு இந்தப் பக்கம் இருப்பதால் கடல் காற்று எட்டிக்கூடப் பார்க்காது.

ஆனாலும் இந்த மண்ணுக்குக் கடல் அந்நியமானதல்ல. இதே புனே மாவட்டத்து ஜுன்னர், சாதவாகனர் காலத்தில் பெரிய வணிக ஊர். அங்கிருந்து நாணேகாட் கணவாய் வழியாகக் கொங்கணத் துறைமுகங்களுக்குச் சரக்கு இறங்கியது. அந்தச் சாதவாகனர் வெளியிட்ட ஈயக் காசுகளில் இரண்டு பாய்மரம் உள்ள கப்பலின் உருவம் இருக்கிறது. அத்தகைய காசுகள் கிடைத்திருப்பது எங்கே தெரியுமா? நம்ம சோழமண்டலக் கரையில்! மராட்டிய மண்ணில் வேரூன்றிய அரசு, தமிழ்க் கரையோரம் ஓடிய கப்பலைக் காசில் பொறித்திருக்கிறது. புனே தமிழர்களாகிய நாம் இதைக் கொஞ்சம் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

ரஞ்சன்காவ் வழியாகச் செல்லும் சாலையிலேயே மேலும் போனால் அஜந்தா வருகிறது. அங்கே இரண்டாம் குகையில், கி.பி. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓவியத்தில், மூன்று பாய்மரக் கப்பல் ஒன்று நிற்கிறது. உள்ளே ஜாடிகள் அடுக்கியிருப்பதுகூடத் தெரிகிறது. காசும் ஓவியமும் எத்தனை பாய்மரம் என்று சொல்கின்றன. பலகையை எப்படிச் சேர்த்தார்கள் என்று மட்டும் சொல்வதில்லை. அதற்குப் பிற்காலத்தில் அளந்து எழுதியவர்களிடம்தான் போக வேண்டும்.

அளந்து வைத்த இருவர்

ஒருவர் ஜான் ஈடி. திருகோணமலைக் கப்பல் தளத்தில் தலைமைக் கப்பல் தச்சராக இருந்த ஆங்கிலேயர். சோழமண்டலம், மலபார், இலங்கைக் கரைகளின் படகுகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1834-இல் லண்டன் ராயல் ஆசியச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. மற்றவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மண்ட் பாரி. உலகைச் சுற்றிய பயணங்களில் ஐரோப்பியர் அல்லாதாரின் படகுகளை அளந்து வரைந்து, 1840களின் தொடக்கத்தில் பெரும் நூலாக வெளியிட்டார். பின்னாளில் பாரிஸ் கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்று, தம் வரைபடங்களைக் கொண்டே அளவு மாதிரிகளையும் செய்வித்தார். ஆக, படகு மாதிரி என்பது வெறும் அலங்காரப் பொருள் அல்ல. அழியப்போகும் தொழிலுக்கு ஒரு சாட்சி என்று அன்றே உணர்ந்தவர் அவர்.

நான் தேர்ந்தெடுத்தது மசூலாப் படகு. புதுச்சேரிப் பக்கம் சலங்கு என்பார்கள். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலைகளைத் தாண்டிக் கரை சேர்த்தது இந்தப் படகுதான். துணைக்குக் கட்டுமரங்கள் கூடவே வரும். கவர்னராக வந்தவரானாலும் கூலிக்கணக்கராக வந்தவரானாலும் நம் படகோட்டிகளின் கையை நம்பித்தான் சென்னை மண்ணை மிதிக்க முடிந்தது.

ஈடி தரும் அளவு: நீளம் 30 முதல் 35 அடி, அகலம் 10 முதல் 11 அடி, ஆழம் 7 முதல் 8 அடி. இருபதில் ஒரு பங்கு என்று வைத்தால் மாதிரி சுமார் 50 செ.மீ. நீளம், 16 செ.மீ. அகலம், 11 செ.மீ. ஆழம் வரும். வீட்டு மேசையில் அடங்கிவிடுகிற அளவு.

வங்கு இல்லாத வயிறு

கடையில் விற்கும் கப்பல் மாதிரிப் பெட்டிகள் எல்லாம் ஐரோப்பிய முறையில் அமைந்தவை. முதலில் ஏராக்கட்டை, அதாவது அடிமுதுகு. அதன்மேல் வங்கு என்கிற விலா எலும்புகள். பிறகு அவற்றின்மேல் பலகை. மசூலாப் படகுக்கு இந்தப் பாடம் உதவாது. அதற்கு ஏராவும் இல்லை, வங்கும் இல்லை. தட்டையான அடிப்பலகையிலிருந்து பலகை பலகையாக விளிம்போடு விளிம்பு வைத்துத் தென்னங்கயிற்றால் தைத்துக்கொண்டே மேலே போவார்கள். இணைப்பின்மேல் வைக்கோலோ காய்ந்த புல்லோ வைத்து அதையும் சேர்த்துத் தைப்பார்கள். மேலே குறுக்குக் கட்டைகள் போட்டால் படகு தயார்.

தொழிற்பேட்டை ஊரில் மரத்துக்குக் குறைவில்லை. இயந்திரங்கள் வந்திறங்கும் பைன் மரப் பெட்டிகளின் பலகை பழைய சாமான் கடையில் கிடைக்கும். அதை ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து, தெர்மாகோலில் செதுக்கிய அச்சின்மேல் வளைத்துக் கட்டிக் காயவிட்டேன். உண்மையான தச்சருக்கு அச்சு தேவைப்படவில்லை, கண்ணே அச்சு. பிறகு 5 மி.மீ.க்கு ஒன்றாகத் துளை. 50 செ.மீ. இணைப்பில் ஒரு பலகைக்கு நூறு துளை, எதிர்ப்பலகைக்கு நூறு. எட்டு இணைப்புக்கு மொத்தம் 1,600 துளைகள். தேநீர்ச் சாயம் ஏற்றிய பருத்தி நூலே தென்னங்கயிறு. வார விடுமுறைகளாக மூன்று மாதம் ஆயிற்று.

"ஆணியே இல்லாம, பசையும் போடாம, இது எப்படிப்பா நிக்கும்?" என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. வெள்ளைக்காரர் பலரும் இரும்புக்கு வழியில்லாததால் தைத்தார்கள் என்றே நினைத்தார்கள். அதற்கு விடை தேட, விரல் நீளத்துக்கு இரண்டு துண்டுகள் செய்தோம். ஒன்று பசையும் சிற்றாணியும் போட்டது, மற்றது தைத்தது. இரண்டையும் முறுக்கிப் பார்த்தோம். ஆணி போட்டது இணைப்பிலேயே 'டப்'பென்று பிளந்தது. தைத்தது நெளிந்து கொடுத்து, விட்டதும் பழைய நிலைக்கு வந்தது.

விஷயம் இதுதான். சென்னைக் கரையில் அலை ஒன்றன்பின் ஒன்றாக உடையும். படகு ஒவ்வொரு முறையும் மணலில் மோதும். விறைத்து நிற்கும் படகு பிளந்துபோகும், நெளிகிற படகு பிழைக்கும். தண்ணீர் கசியத்தான் செய்யும், அதை இறைத்துக்கொள்ளலாம். கயிறு இற்றுப்போனால் தையலைப் பிரித்து அதே பலகையை மறுபடி தைத்துக்கொள்ளலாம். இல்லாமையால் வந்த வழக்கமல்ல இது. அந்தக் கடலுக்கென்றே யோசித்துச் செய்த தொழில்நுட்பம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நீளத்தை இருபதில் ஒன்றாக்கினால் எடை எட்டாயிரத்தில் ஒன்றாகிவிடும். ஆகவே வீட்டு மாதிரி வடிவத்தையும் முறையையும் காட்டுமே தவிர, உண்மைப் படகின் வலிமையை அளந்து சொல்லாது. அதற்கு வேறு கணக்கும் சோதனைக்கூடமும் வேண்டும்.

ஓவியத்திலிருந்து கடலுக்கு

அப்படிப்பட்ட சோதனையும் நம் கண்முன்னே நடந்திருக்கிறது. அஜந்தா ஓவியக் கப்பலை உண்மையாகவே கட்டிப் பார்க்க மத்திய கலாசார அமைச்சகமும் இந்தியக் கடற்படையும் கோவாவின் ஹோடி இன்னோவேஷன்ஸ் நிறுவனமும் 2023-இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. வரைபடம் எதுவும் இல்லை, ஓவியம் ஒன்றே ஆதாரம். மாதிரி ஒன்றை வைத்து நீரில் அதன் போக்கைச் சோதிக்கச் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறை உதவியது. கேரளத்துத் தச்சர் பாபு சங்கரன் தலைமையில் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். கௌண்டின்யா என்று பெயரிடப்பட்டு 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் போர்பந்தரிலிருந்து பாய்விரித்து, 2026 ஜனவரியில் மஸ்கட் சேர்ந்தது.

கேரளத்தில் தைக்கத் தெரிந்த கை மிஞ்சியிருந்ததால் அந்தக் கப்பல் எழுந்தது. சென்னையில் 1861-இல் இரும்புப் பாலம் வந்தது, 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் விழுந்தது. மசூலா ஆளேற்றும் வேலையை இழந்து கரைவலைப் படகாக ஒதுங்கியது. பிறகு கண்ணாடியிழைப் படகு வந்தது. 2004 சுனாமிக்குப் பின் கட்டுமரமும் அருகிவிட்டது. மீனவரைக் குறை சொல்ல முடியாது, பிழைப்புக்கு எது வசதியோ அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நம் கடமை.

சொல்லும் கரை சேரட்டும்

படகு மாதிரி செய்வதில் இன்னொரு லாபமும் உண்டு. பிள்ளைகளுக்கு சொல் கிடைக்கிறது. நம் வீட்டுக் குழந்தைகள் மராட்டியில் 'ஹோடி' என்பார்கள், ஆங்கிலத்தில் 'போட்' என்பார்கள், தோணி என்று சொல்லத் தயங்குவார்கள். அணியம் என்றால் படகின் முன்பக்கம் என்று புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும். கையால் தைத்த அணியம் மறக்காது. மராட்டியில் சுகாணூ, நமக்குச் சுக்கான். அவர்களுக்கு நாங்கர், நமக்கு நங்கூரம். கோலி மீனவர் படகுத் தலைவனைத் தாண்டேல் என்பர், நம் கரையில் தண்டல் என்பர். அரபு, பாரசீக மாலுமிகளோடு பழகிய இரு கரைகளும் ஒரே சொற்களைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. பக்கத்து வீட்டு மராட்டிய நண்பரோடு பேச இதைவிட நல்ல விஷயம் ஏது?

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் பொங்கல் விழாவில் கோலத்துக்கும் பேச்சுக்கும் போட்டி வைப்பதுபோல் படகுக்கும் ஒரு மேசை ஒதுக்குங்கள். தூத்துக்குடிக்காரர் தோணி செய்யட்டும், நாகைக்காரர் கட்டுமரம் செய்யட்டும், குமரிக்காரர் வள்ளம் செய்யட்டும், தருமபுரிக்காரர் ஒகேனக்கல் பரிசல் செய்யட்டும். செய்யும் முன் ஊருக்கு ஒரு போன் போட்டு, பெரியவர்களிடம் ஒவ்வொரு பாகத்துக்கும் அங்கே வழங்கும் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சொற்பட்டியலை அடுத்த மலரில் வெளியிட்டால், நம் சங்கம் தமிழ்க் கடல் வரலாற்றுக்குச் செய்த உண்மையான தொண்டாக அது நிற்கும்.